உழைத்தால் என்ன கிடைக்கும்? வட சென்னைப் பிள்ளைகளும் ஊக்கத்தின் உளவியலும்

ஜனவரியில் திருப்புதல் தேர்வுகள் தொடங்கியதும் வட சென்னைப் பள்ளிகள் பலவற்றில் ஒரு நிகழ்ச்சி தவறாமல் நடக்கும். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளை ஹாலிலோ மைதானத்திலோ உட்காரவைத்து, வெளியிலிருந்து ஒருவரை அழைத்து ‘மோட்டிவேஷன்’ பேசவைப்பார்கள். உன்னால் முடியும், பெரிதாகக் கனவு காண், போனைத் தூக்கிப் போடு, அம்மா அப்பா படும் கஷ்டத்தை நினைத்துப் பார் என்று ஒரு மணி நேரம் போகும். சில பிள்ளைகள் அழுதேவிடுவார்கள். பேச வருகிறவர்களில் பெரும்பாலோர் நல்ல எண்ணத்தோடுதான் வருகிறார்கள். ஆனால் அந்தப் பேச்சுக்கு அடியில் ஒரு கணிப்பு இருக்கிறது: இந்தப் பிள்ளைகளிடம் ஊக்கம் குறைவு, வண்டிக்குப் பெட்ரோல் போடுவது போல வெளியிலிருந்து ஊற்றிவிட்டால் ஓடத் தொடங்கிவிடுவார்கள்.

வியாசர்பாடி, தண்டையார்பேட்டைப் பக்கம் மாலை நேர டியூஷன் மையங்களில் கணக்கு சொல்லிக்கொடுத்து வருகிற எனக்கு இந்தக் கணிப்பு சரியாகப் படவில்லை. ஆசையில்லாத பிள்ளையை நான் பார்த்ததில்லை. ஒருத்திக்கு நர்ஸ் ஆக வேண்டும், ஒருவனுக்குப் போலீஸ் வேலை, இன்னொருவனுக்குச் சொந்தமாக ஏசி மெக்கானிக் கடை. கேட்டால் தெளிவாகச் சொல்வார்கள். குறைவாக இருப்பது வேறொன்று. தாங்கள் போடுகிற உழைப்புக்கும் கிடைக்கிற பலனுக்கும் தொடர்பு இருக்கிறது என்று நம்ப அவர்கள் கண்ணால் கண்ட ஆதாரம் குறைவு. ஊக்கத்தையும் சாதனையையும் பற்றி உளவியல் சேர்த்துவைத்திருக்கும் கோட்பாடுகளை எடுத்துப் படித்தால், அவையும் பல வழியாகச் சுற்றி இந்த இடத்துக்கே வந்து சேர்கின்றன.

ஊக்கம் என்றதும் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது ஆபிரகாம் மாஸ்லோ. உடல் தேவை, பாதுகாப்பு, அன்பு, மதிப்பு, தன்னை முழுமையாக்கிக்கொள்வது என்று 1943-ல் அவர் அடுக்கிய அடுக்கை பி.எட். படித்த எல்லோரும் மனப்பாடம் செய்திருப்பார்கள். அந்தப் பிரமிடுப் படத்தை மாஸ்லோ வரையவில்லை, பிறகு வந்தவர்கள் வரைந்தார்கள். ஒரு படி முழுதாக நிறைந்த பிறகுதான் அடுத்த படி என்றும் அவர் அடித்துச் சொல்லவில்லை. 123 நாடுகளின் தரவை வைத்து லூயிஸ் டே, எட் டீனர் இருவரும் 2011-ல் வெளியிட்ட ஆய்வும், ஒவ்வொரு தேவையும் தனித்தனியாகவே மனநிறைவுக்குப் பங்களிக்கிறது என்றுதான் காட்டியது. மழைக்கு ஒழுகுகிற வீட்டில் இருந்துகொண்டே கவிதை எழுதுகிற, கால்பந்து ஆடுகிற, மரியாதைக்காகச் சண்டை போடுகிற மனிதர்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வயிறு நிறைந்தால் பாடம் ஏறும் என்பதும் உண்மைதான். அதற்காகத்தான் 2022-ல் காலை உணவுத் திட்டம் வந்தது. ஆனால் வயிறு நிறைவதோடு கதை முடிவதில்லை.

சாதனை என்பதைத் தனியாக எடுத்து ஆராய்ந்த மரபு ஹென்றி முர்ரேயிலிருந்து தொடங்குகிறது. 1938-ல் அவர் மனிதத் தேவைகளைப் பட்டியலிட்டபோது ‘சாதிக்கும் தேவை’யையும் அதில் சேர்த்தார். அதைப் பிடித்துக்கொண்டு வளர்த்தவர் டேவிட் மெக்லெலண்ட். தெளிவில்லாத ஒரு படத்தைக் காட்டி, இதை வைத்து ஒரு கதை எழுது என்பார். எழுதுகிறவர் தன்னையறியாமல் கதைக்குள் எவ்வளவு முயற்சி, எவ்வளவு போட்டி, எவ்வளவு ‘இன்னும் நன்றாகச் செய்ய வேண்டும்’ என்பதைக் கொண்டுவருகிறார் என்று எண்ணிப் பார்ப்பார். அவரும் ஜான் அட்கின்சனும் தொடர்ந்து பயன்படுத்திய சோதனை ஒன்று மிக எளிமையானது. தரையில் ஒரு முளை, கையில் சில வளையங்கள். எவ்வளவு தூரத்திலிருந்து வேண்டுமானாலும் எறியலாம். சாதிக்கும் தேவை அதிகமுள்ளவர்கள் முளைக்கு ஒட்டி நிற்கவில்லை, எட்டாத தூரத்துக்கும் போகவில்லை. குறி தப்பவும் செய்யலாம், விழவும் செய்யலாம் என்கிற நடுத்தரத் தூரத்தில் நின்றார்கள்.

1957-ல் அட்கின்சன் இதற்கு ஒரு கணக்கு எழுதினார். ஒரு வேலையில் இறங்கும் உந்துதல் என்பது, சாதிக்க வேண்டும் என்ற நாட்டம், வெற்றி கிடைக்கும் வாய்ப்பு, அந்த வெற்றியின் மதிப்பு ஆகிய மூன்றின் பெருக்கல். சுலபமான வேலையில் ஜெயித்தால் பெருமையில்லை, முடியாத வேலையில் ஜெயிக்க வழியில்லை. எனவே வாய்ப்பு பாதிக்குப் பாதி இருக்கும் இடத்தில்தான் உந்துதல் உச்சம். அவர் சொன்ன இன்னொரு விஷயம் எனக்கு இதைவிட முக்கியம். தோல்வி பயம் மேலோங்கியவர்கள் அந்த நடு இடத்தைத்தான் தவிர்ப்பார்கள். ஒன்று, மிகச் சுலபமானதைச் செய்வார்கள். இல்லாவிட்டால், தோற்றாலும் யாரும் குறை சொல்ல முடியாத அளவுக்குக் கடினமானதை எடுப்பார்கள். அரையாண்டுத் தேர்வில் கணக்கில் 18 வாங்கிய பையன் “நான் கலெக்டர் ஆவேன்” என்று சொல்வதை அடங்காத லட்சியம் என்று மேடையில் பாராட்டுகிறோம். பல சமயம் அது பயத்தின் குரல். நாளைக்கு இரண்டு மதிப்பெண் கேள்வி ஒன்றைப் போட்டுப் பார்ப்பது அவனுக்குக் கலெக்டர் கனவைவிடக் கஷ்டம், ஏனென்றால் அதில் தோற்பது நிஜமாகவே தெரிந்துவிடும்.

அந்தப் பையனோடு உட்கார்ந்தால் என்ன செய்வது? பத்தாம் வகுப்புக் கணக்குத் தாளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒரு மதிப்பெண் 14, இரண்டு மதிப்பெண் 10, ஐந்து மதிப்பெண் 10, கடைசியில் எட்டு மதிப்பெண்ணில் ஜியோமெட்ரி ஒன்று, கிராஃப் ஒன்று. மொத்தம் 100, பாஸ் மார்க் 35. கடைசி இரண்டு கேள்விக்கு மட்டும் 16. இதில் கிராஃப் கேள்விக்கு வாய்பாடு பெரிதாக வேண்டாம். அட்டவணை போட வேண்டும், ஸ்கேல் எழுத வேண்டும், புள்ளிகளைக் குறித்துச் சேர்க்க வேண்டும். முதல் நாள் அவன் அட்டவணையை மட்டும் சரியாகப் போடுவான், வளைகோடு கோணலாக வரும். பரவாயில்லை, அட்டவணைக்கு மார்க் உண்டு என்று அந்த மார்க்கைப் பக்கத்திலேயே எழுதிக் காட்ட வேண்டும். மறுநாள் ஸ்கேல் மறக்க மாட்டான். ஒரு வாரத்தில் அந்த எட்டும் அவனுடையது. அப்புறம் வட்டத்துக்குத் தொடுகோடு வரைவது. புத்தகத்தின் பின்பக்க ஒரு மதிப்பெண் கேள்விகளையும் சேர்த்தால் 35 கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்கு வந்துவிடும். வளையம் எறியும் சோதனையில் அந்த நடுத்தரத் தூரம் எங்கே என்று பிள்ளைக்குத் தானாகத் தெரியாது. அந்த இடத்தைக் கோடு கிழித்துக் காட்டுவதுதான் சொல்லிக்கொடுக்கிறவர் வேலை.

மெக்லெலண்டின் கோட்பாடு நம் பக்கத்து மாநிலத்திலேயே சோதிக்கப்பட்டது பலருக்குத் தெரியாது. 1960-களில் ஆந்திராவின் காக்கிநாடாவில் சிறு வியாபாரிகளுக்கு, ஹைதராபாத்தில் இருந்த சிறுதொழில் பயிற்சி நிறுவனத்தின் வழியாக, சாதனை ஊக்கப் பயிற்சி கொடுத்தார்கள். பயிற்சி எடுக்காதவர்களோடு ஒப்பிட்டபோது பயிற்சி பெற்றவர்கள் கூடுதலாகப் புதுத் தொழில் தொடங்கினார்கள், கூடுதல் ஆட்களை வேலைக்கு வைத்தார்கள். மெக்லெலண்டும் டேவிட் வின்டரும் 1969-ல் இதை நூலாக வெளியிட்டார்கள். இந்தியாவில் இன்று நடக்கும் தொழில்முனைவோர் பயிற்சிகளுக்கு ஒரு வேர் அங்கே இருக்கிறது. ஊக்கத்தை வெளியிலிருந்து ஊட்டலாம் என்பவர்கள் இதைத்தான் சான்றாகக் காட்டுவார்கள். ஆனால் அந்த ஆய்வின் உள்ளே போனால், பலன் முக்கியமாகத் தெரிந்தது தங்கள் தொழிலில் முடிவெடுக்கும் இடத்தில் இருந்தவர்களிடம். பயிற்சி முடிந்து வீட்டுக்குப் போனதும் எதையாவது மாற்றிச் செய்யும் அதிகாரம் அவர்கள் கையில் இருந்தது.

இதே இடத்தை விக்டர் வ்ரூம் 1964-ல் இன்னும் பச்சையாகச் சொன்னார். ஒருவர் மனதில் மூன்று கேள்வி ஓடும். முயன்றால் என்னால் செய்ய முடியுமா? செய்தால் சொன்னது கிடைக்குமா? கிடைப்பது எனக்கு வேண்டியதா? மூன்றையும் பெருக்க வேண்டும், எனவே ஒன்று பூஜ்யமானாலும் எல்லாம் பூஜ்யம். நம் மேடைப் பேச்சு முதல் கேள்வியையும் மூன்றாவது கேள்வியையுமே சுற்றும். வட சென்னையில் அடிபட்டது இரண்டாவது கேள்வி.

ஒரு காலத்தில் அதற்கு இங்கே தெளிவான பதில் இருந்தது. பெரம்பூர்ப் பக்கத்து பக்கிங்ஹாம் ஆலை 1878-ல் தொடங்கியது, கர்நாடிக் ஆலை 1881-ல். மக்கள் வாயில் இரண்டும் சேர்ந்து பின்னி மில். 1918-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது இந்த ஆலைத் தொழிலாளர்களை வைத்துத்தான். கஷ்டமும் போராட்டமும் துப்பாக்கிச் சூடும் கண்ட ஆலை அது. அதைப் பொற்காலமாகச் சித்திரிக்க நான் வரவில்லை. ஆனால் உள்ளே போனவருக்கு மாதச் சம்பளம், பி.எஃப்., தன் தெருவில் ஒரு மதிப்பு. இதைச் செய்தால் இது கிடைக்கும் என்பதைப் பையன்கள் அப்பாவைப் பார்த்தே தெரிந்துகொண்டார்கள். 1996-ல் ஆலை மூடப்பட்டது. இன்று ஐ.டி.ஐ. முடித்து மணலிக்கோ எண்ணூருக்கோ போகிறவனுக்குக் கிடைப்பது பெரும்பாலும் காண்ட்ராக்ட் வேலை. அவன் அண்ணன் டிப்ளமோ முடித்து டெலிவரி ஓட்டுகிறான். “இன்னா படிச்சி இன்னா ஆவப்போது” என்று ஒரு பதினைந்து வயதுப் பையன் சொல்லும்போது நாம் சோம்பேறித்தனம் என்று திட்டுகிறோம். அவன் தன் வீட்டில் கண்ட தரவை வைத்து வ்ரூமின் பெருக்கலைச் சரியாகப் போட்டிருக்கிறான்.

உழைப்புக்கும் பலனுக்கும் தொடர்பு அறுந்தால் மனம் என்ன ஆகும் என்பதை ஆராய்ந்ததில் மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மையர் பெயர்கள் முக்கியம். 1967-ல் அவர்கள் நாய்களை வைத்துச் செய்த சோதனையைப் படிக்கவே மனம் கஷ்டப்படும். தப்பிக்க வழியில்லாமல் மின் அதிர்ச்சி வாங்கிய நாய்களில் பல, பிறகு ஒரு சின்னத் தடுப்பைத் தாண்டினால் தப்பிக்கலாம் என்ற நிலையிலும் தாண்டவில்லை, படுத்துக் கிடந்தன. ‘கற்றுக்கொண்ட கையறுநிலை’ என்று இது பேர் பெற்றது. என்ன செய்தாலும் பயனில்லை என்பதை அவை கற்றுக்கொண்டன என்பது அன்றைய விளக்கம்.

அரை நூற்றாண்டு கழித்து, 2016-ல், அதே இருவரும் தங்கள் கோட்பாட்டைத் தலைகீழாகத் திருப்பினார்கள். இடைப்பட்ட காலத்தில் நடந்த மூளை ஆய்வுகளின்படி, நீண்ட துன்பத்துக்கு முன்னால் முடங்கிப்போவது யாரும் கற்றுக்கொண்டு வருவதல்ல, உடலின் இயல்பான பதிலே அதுதான். கற்றுக்கொள்ள வேண்டியது வேறு: ‘நான் ஒன்று செய்தால் நிலைமை மாறுகிறது’ என்பது. அதை ஒருமுறை அனுபவித்த மூளை, அடுத்த துன்பத்தில் அந்த முடக்கத்தைத் தானே அடக்கிவைக்கிறது. என்னைப் பொறுத்தவரை ஊக்க உளவியலில் இதைவிடப் பெரிய திருத்தம் இல்லை. ஒரு பிள்ளை முயற்சி செய்யாமல் உட்கார்ந்திருந்தால், அவனிடம் என்ன கெட்டுப்போனது என்று தேட வேண்டியதில்லை. தன் செயலுக்கு உலகம் அசைந்துகொடுத்த அனுபவம் அவனுக்கு எத்தனை முறை கிடைத்தது என்றுதான் கேட்க வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர் முகத்துவாரத்தில் வலையும் படகும் பாழான குடும்பத்துப் பிள்ளைக்கு, கட்டுப்பாடு யார் கையில் இருக்கிறது என்பது பற்றி உலகம் ஏற்கெனவே ஒரு பாடம் எடுத்திருக்கிறது. அதற்கு எதிர்ப்பாடம் சின்னச் சின்னதாக, நிறைய வேண்டும்.

பெர்னார்ட் வைனர் இதன் இன்னொரு முகத்தைக் காட்டினார். தோற்றதும் நாம் சொல்லிக்கொள்ளும் காரணத்தில்தான் அடுத்த முயற்சி இருக்கிறது என்றார். காரணம் என் உள்ளே இருக்கிறதா வெளியிலா, மாறுமா மாறாதா, என் கைக்குள் இருக்கிறதா இல்லையா? “எனக்கு மேக்ஸே வராது சார்” என்ற வாக்கியத்தில் மூன்றுக்கும் மோசமான பதில் இருக்கிறது: உள்ளே, மாறாதது, கைமீறியது. “ஸ்கேல் எழுத மறந்துட்டேன்” என்பது அதே தோல்விதான், ஆனால் நாளைக்கே சரிசெய்யக்கூடியது. திருத்திய தாளில் வெறும் 18 என்று சிவப்பு மையில் போட்டுக் கொடுத்தால் பிள்ளை முதல் வாக்கியத்தைச் சொல்லும். எந்தப் படியில் விட்டாய் என்று வட்டம் போட்டுக் கொடுத்தால் இரண்டாவதைச் சொல்ல வாய்ப்பு உண்டு.

‘என்னால் இதைச் செய்ய முடியும்’ என்ற நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்று 1977-ல் ஆல்பர்ட் பண்டூரா நான்கு ஊற்றுகளைச் சொன்னார். தானே செய்து ஜெயித்த அனுபவம், தன்னைப் போன்ற இன்னொருவர் ஜெயிப்பதைப் பார்ப்பது, பிறர் சொல்லும் தைரியம், படபடப்பு போன்ற உடல்நிலை. இதில் வலுவானது முதலாவது. மேடைப் பேச்சு மூன்றாவதில் வருகிறது. முதலிரண்டும் இல்லாமல் அது அதிக நாள் நிற்காது.

முதலிரண்டும் நிறைந்த இடங்கள் வட சென்னையில் நிறையவே உண்டு, அவை பெரும்பாலும் பள்ளிக்கு வெளியே. குத்துச்சண்டைக் கூடம், கால்பந்து மைதானம், எல்லாவற்றுக்கும் மேலாகக் கேரம் கிளப். சந்துக்குள் ஒரு சின்ன அறை, போர்டுக்கு மேலே தாழத் தொங்கும் விளக்கு, போரிக் பவுடர் வாசனை. எட்டு வயதுப் பையன் ஸ்டூலை இழுத்துப் போட்டு நின்று ஆடுவான். அவன் அடித்த ஸ்ட்ரைக்கர் என்ன செய்தது என்று ஒரு நொடியில் தெரிந்துவிடும். காய் விழுந்தது அல்லது விழவில்லை, இடையில் யாருடைய தயவும் இல்லை. ரெட் எனும் சிவப்புக் காயைப் போட்டுவிட்டு, அடுத்த அடியில் தன் காய் ஒன்றை ‘ஃபாலோ’ போடத் தவறினால் ரெட் திரும்ப நடுவுக்கு வரும், யார் வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும். ஒரு ஆட்டம் 25 புள்ளி அல்லது 8 போர்டு, அதற்குள் ஒருவன் எத்தனை முறை அடித்து எத்தனை முறை பதில் வாங்குகிறான் என்று யோசித்துப் பாருங்கள். பக்கத்தில் நிற்கிற அண்ணன் “காயை ஃபுல்லா அடிக்காத, லைட்டா தொடு” என்பார். அந்த அண்ணன் போன வருஷம் மாநிலப் போட்டி வரை போனவர், அடுத்த தெருக்காரர்.

2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா இப்படிப்பட்ட சூழலிலிருந்து வந்தவர். புதுவண்ணாரப்பேட்டை செரியன் நகர், அப்பா ஆட்டோ ஓட்டுநர். அவர் தன் பிள்ளைகளுக்கும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கும் கேரம் சொல்லிக்கொடுத்தவர். காசிமா வென்றதும் செய்திகளில் ‘வறுமையை வென்ற மன உறுதி’ என்று வந்தது. மன உறுதி இல்லாமல் அது நடக்காது, மறுக்கவில்லை. ஆனால் அந்த உறுதி வளர ஒரு போர்டு, ஒரு விளக்கு, தினமும் வந்து நிற்கிற ஒரு பெரியவர், முன்னால் ஜெயித்துக் காட்டிய அண்ணன் அக்காக்கள் எல்லாம் ஏற்கெனவே அங்கே இருந்தார்கள். செய்தியில் இடம்பிடிக்காத இந்தப் பகுதியைத்தான் பண்டூரா எழுதிவைத்திருக்கிறார்.

பரிசு கொடுத்தால் ஊக்கம் வருமா என்ற கேள்விக்கு எட்வர்ட் டெசி 1971-ல் ஆச்சரியமான பதில் ஒன்றைச் சொன்னார். புதிர்க் கட்டைகளை ரசித்து விளையாடிய கல்லூரி மாணவர்களுக்கு, முடித்த புதிருக்குக் காசு என்று கொடுத்துப் பார்த்தார். காசு நின்றதும், ஓய்வு நேரத்தில் அவர்கள் அந்தப் புதிரைத் தொடுவது குறைந்தது. 1973-ல் மார்க் லெப்பரும் சகாக்களும் மழலையர் பள்ளிப் பிள்ளைகளிடம் இதையே கண்டார்கள். படம் வரைந்தால் சான்றிதழ் என்று முன்கூட்டிச் சொல்லப்பட்ட பிள்ளைகள், பிறகு தாமாக வரைவது குறைந்தது. எதிர்பாராமல் சான்றிதழ் வாங்கிய பிள்ளைகளுக்கு அந்தப் பாதிப்பு இல்லை. டெசியும் ரிச்சர்ட் ரயனும் இதிலிருந்து ஒரு முழுக் கோட்பாட்டையே கட்டினார்கள். மனிதருக்கு மூன்று அடிப்படைத் தேவை: நான் விரும்பிச் செய்கிறேன் என்ற உணர்வு, எனக்குக் கை வருகிறது என்ற உணர்வு, எனக்கென்று ஆட்கள் இருக்கிறார்கள் என்ற உணர்வு.

இதை வைத்து ‘வேலைக்காகப் படிக்காதே, அறிவுக்காகப் படி’ என்று பிள்ளைகளுக்கு அறிவுரை சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு வேலை கிடைக்கும் என்று பயிற்சிக்குப் போகும் பெண்ணின் நோக்கத்தை மட்டமாக நினைக்க நமக்கு உரிமையில்லை. டெசி, ரயன் கோட்பாடும் அப்படி நினைக்கவில்லை. அடிக்குப் பயந்து செய்வது வேறு, இது என் வாழ்க்கைக்கு வேண்டியது என்று தானே ஏற்றுக்கொண்டு செய்வது வேறு என்று அது தெளிவாகப் பிரிக்கிறது. சுயவிருப்பம் என்பதும் எல்லா ஊரிலும் ஒரே மாதிரி இல்லை. ஷீனா ஐயங்காரும் லெப்பரும் 1999-ல் வெளியிட்ட ஆய்வில், வெள்ளை அமெரிக்கப் பிள்ளைகள் தாங்களே தேர்ந்தெடுத்த புதிரில் அதிக ஈடுபாடு காட்டினார்கள். ஆசிய வழிப் பிள்ளைகளோ, ‘இது உன் அம்மா தேர்ந்தெடுத்தது’ என்று சொன்ன புதிரில்தான் அதிக நேரம் செலவிட்டார்கள். ‘அம்மாவுக்காகப் படிக்கிறேன்’ என்பது இங்கே கட்டாயத்தின் பெயர் இல்லை. உதய் பரீக் 1960-களின் இறுதியிலேயே, வளர்ச்சிக்குச் சாதனை ஊக்கம் மட்டும் போதாது, பிறருக்குப் பயன்பட வேண்டும் என்ற ஊக்கமும் சேர வேண்டும் என்று எழுதினார். தங்கையைப் படிக்கவைக்க வேண்டும் என்று காசிமேட்டில் விடிகாலை மீன் ஏலத்துக்குப் போய்விட்டுக் கல்லூரிக்கு வரும் பையனிடம் இருப்பது அந்த ஊக்கம்.

சமீப காலத்தில் நம் பள்ளிகள் வரை வந்திருப்பது கரோல் டுவெக்கின் ‘வளர்மனப்பான்மை’, அதாவது திறமை பிறவியோடு நின்றுவிடுவதில்லை, உழைத்தால் வளரும் என்ற நம்பிக்கை. கிளாடியா முல்லரோடு சேர்ந்து 1998-ல் அவர் செய்த சோதனை அழகானது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் ஒரு குழுவிடம் ‘நீ புத்திசாலி’ என்றும், இன்னொரு குழுவிடம் ‘நன்றாக உழைத்தாய்’ என்றும் பாராட்டினார்கள். பிறகு கடினமான புதிர்களைக் கொடுத்து எல்லோரையும் தடுமாறவைத்தார்கள். அடுத்த சுற்றில் ‘புத்திசாலி’கள் சரிந்தார்கள், ‘உழைப்பாளி’கள் ஏறினார்கள். சரி, அப்படியானால் மனப்பான்மையை மாற்றிவிட்டால் போதுமா? 2018-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது சராசரிப் பலன் மிகச் சிறியதாகத்தான் இருந்தது. 2019-ல் டேவிட் யேகர் குழு அமெரிக்காவின் 65 பள்ளிகளில் 12,000-க்கும் மேற்பட்ட மாணவர்களிடம் செய்த பெரிய ஆய்வில், படிப்பில் பின்தங்கிய மாணவர்களுக்கு, நான்குக்குக் கணக்கிடும் மதிப்பெண் சராசரியில் 0.1 அளவு கூடியது. அதுவும் கடினமானதை எடுத்துச் செய்வதைச் சக மாணவர்கள் மதிக்கிற பள்ளிகளில்தான் பலன் தெரிந்தது. ஆசிரியருக்கும் அதே மனப்பான்மை இருந்தால்தான் மாணவரிடம் அது பலன் தருகிறது என்று 2022-ல் யேகர் குழு சொன்னது. விதை நல்ல விதைதான் என்றாலும் தரையில்லாமல் முளைக்கவில்லை. 

மார்ஷ்மல்லோ சோதனையைச் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் நம் ஏழைப் பிள்ளைகளைக் குறை சொல்ல அதிகம் பயன்படுவது அதுதான். வால்டர் மிஷல் 1960-களில் தொடங்கியது: இனிப்பை இப்போதே தின்னாமல் காத்திருந்தால் இரண்டு கிடைக்கும். காத்திருந்த பிள்ளைகள் பின்னாளில் நன்றாகப் படித்தார்கள். எனவே கட்டுப்பாடுதான் எல்லாம் என்று பரவியது. 2018-ல் 900-க்கும் மேற்பட்ட பிள்ளைகளை வைத்துச் செய்த மறு ஆய்வில், குடும்பப் பின்னணியைக் கணக்கில் எடுத்ததும் அந்தத் தொடர்பு பெருமளவு சுருங்கிவிட்டது. அதைவிட எனக்குப் பிடித்தது 2013-ல் செலஸ்ட் கிட் செய்த மாற்றம். இனிப்புக்கு முன்னால், நல்ல வரைபொருள் கொண்டுவருகிறேன் என்று ஒரு பெரியவர் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டுப் போவார். பாதிப் பேருக்குச் சொன்னபடி கொண்டுவருவார். மீதிப் பேரிடம் வெறுங்கையோடு வந்து மன்னிப்புக் கேட்பார். வாக்குக் காப்பாற்றப்பட்ட பிள்ளைகள் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தார்கள், ஏமாந்த பிள்ளைகள் 3 நிமிடம். ஆறு மாதத்தில் வீடு என்று சொல்லி இடிக்கப்பட்டு வருஷக்கணக்கில் காத்திருக்கும் குடியிருப்புகளில் வளரும் பிள்ளையிடம் பொறுமை இல்லை என்று சொல்லும் முன், யார் வாக்கை யார் காப்பாற்றவில்லை என்று பார்க்க வேண்டும்.

பணத்தட்டுப்பாடு புத்தியையே மறைக்கிறது என்று காட்டிய ஆய்வு ஒன்று நம் விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் நடந்தது. கரும்பு விவசாயிகள் 464 பேரிடம் வெட்டுக்கு முன் கையில் காசில்லாத நேரத்திலும், வெட்டு முடிந்து காசு வந்த பிறகும் அதே வகை அறிவுச் சோதனைகளைக் கொடுத்தார்கள். அதே மனிதர், காசு வந்த பிறகு கூடுதலாகச் சரியாகச் செய்தார். 2013-ல் வெளிவந்த அந்த ஆய்வின் மீது எதிர்வாதங்களும் எழுந்தன. ஆனாலும் மாதக் கடைசியில் வட்டிக்காரர் கதவைத் தட்டுகிற வீட்டிலிருந்து வரும் பிள்ளை அன்றைக்குக் கணக்கில் தடுமாறுவது எங்களுக்குப் புதிதில்லை.

உத்தரப் பிரதேசக் கிராமங்களில் கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே செய்த ஆய்வை நான் எல்லா ஆசிரியர்களிடமும் சொல்வேன். ஆறு, ஏழாம் வகுப்புப் பையன்களிடம் புதிர்ப்பாதைத் தாள்களைக் கொடுத்து, முடித்த ஒவ்வொன்றுக்கும் காசு என்றார்கள். யார் எந்தச் சாதி என்று அறிவிக்காதபோது, ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளும் மற்றவர்களும் ஒரே அளவில் செய்தார்கள். பெயர், ஊர், அப்பா பெயரோடு சாதியையும் எல்லோர் முன்னிலும் படித்தபோது, ஒடுக்கப்பட்ட சாதிப் பையன்கள் முடித்த எண்ணிக்கை ஐந்தில் ஒரு பங்கு அளவு விழுந்தது. கை அதே கை, தாளும் அதே மாதிரித் தாள். இங்கே பையன்கள் இன்டர்வியூவில் “எந்த ஏரியா?” என்று கேட்டால் வியாசர்பாடி என்று சொல்லாமல் “பெரம்பூர் பக்கம்” என்கிறார்கள். அந்தக் கேள்வி வந்த பிறகு அவர்கள் பேசும் ஆங்கிலம் தடுமாறுவதை நான் ஒத்திகை இன்டர்வியூக்களிலேயே பார்த்திருக்கிறேன். பள்ளிக்குள் இதே வேலையை ‘ஸ்லோ லேர்னர்’ பட்டியல் செய்கிறது. அந்தப் பிள்ளைகளுக்குத் தனிக் கவனம் வேண்டும் என்பது சரி. அதற்காகப் பிரேயரில் பெயர் படித்துத் தனி வகுப்பில் உட்காரவைக்க வேண்டியதில்லை.

எனவே ஜனவரியில் அந்த ஒரு மணி நேரம் கிடைக்கும்போது பள்ளிகளிடம் நான் கேட்பது இவைதான். திருப்புதல் தேர்வுத் தாளை மூன்று நாளுக்குள் திருத்திக் கொடுங்கள். ஒவ்வொரு பிள்ளையும் எந்தப் படியில் மதிப்பெண் விட்டது என்று பக்கத்தில் உட்கார்ந்து காட்டுங்கள். பேச ஆள் வேண்டுமென்றால் அதே தெருவில் ஒருமுறை ஃபெயிலாகி, துணைத் தேர்வில் பாஸாகி, இன்று ஸ்டான்லியில் நர்ஸாகவோ தியாகராயர் கல்லூரியில் மாணவராகவோ இருப்பவரைக் கூப்பிடுங்கள். அவர் எப்படி ஜெயித்தார் என்பதோடு, எந்த ஆபீசில் எந்தப் படிவம் கொடுத்தார் என்பதையும் பேசச் சொல்லுங்கள். வீட்டில் முதல் பட்டதாரியாகப் போகிறவர்களுக்கு ஒற்றைச் சாளரக் கவுன்சலிங் வழியாகச் சேரும் தொழிற்படிப்புகளில் கல்விக் கட்டணச் சலுகை உண்டு. அதற்கான முதல் தலைமுறைப் பட்டதாரிச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். ரேஷன் கார்டு, ஆதார், வீட்டில் உள்ளவர்களின் டி.சி. எல்லாம் கேட்பார்கள். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் தேர்வுக்கு முன்பே இதை வாங்கிவைத்துவிட்டால், கவுன்சலிங் சமயத்தில் அப்பா ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு அலைய வேண்டியிருக்காது.